பருத்திப்பால் இடைவேளை

எங்கள் லீக்கில் பத்து கிளப்புகள். பருவத்தின் முடிவில் புள்ளிப் பட்டியலில் கடைசியாக நிற்கும் இரண்டும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். இது எந்த ஊரிலும் உள்ள விதிதான். எங்கள் லீக்கில் கூடுதலாகப் பதினான்காவது விதி என்று ஒன்று உண்டு. முதல் டிவிஷனில் ஆடும் கிளப், தன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஒன்பது ஆட்டங்களுக்கும் சேர்த்து, சராசரியாக இருநூற்றைம்பது பேரையாவது கூட்டிக் காட்ட வேண்டும். தவறினால் மூன்று புள்ளிகள் வெட்டு. பார்க்க ஆளில்லாத கிளப்புக்கு நல்ல மைதானம் எதற்கு என்ற நியாயத்தில் எழுதிய விதி அது.

எங்கள் வடகரை ஸ்போர்ட்டிங் கிளப்பின் கழுத்தைப் பிடித்தது இந்த விதிதான்.

ஒரே ஓர் ஆட்டம் பாக்கி இருந்தபோது எங்களுக்குப் பதினேழு புள்ளிகள். எங்களுக்கு அடுத்து கீழே, இறங்கும் இடத்தில் இருந்த கிளப் தன் ஆட்டங்களையெல்லாம் முடித்துவிட்டுப் பதினாறில் நின்றது. இதை மட்டும் பார்த்தால் நாங்கள் தோற்றாலும் தப்பித்தோம். ஆனால் சொந்த மைதானத்தில் ஆடிய எட்டு ஆட்டங்களுக்கு வந்தவர்கள் மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு பேர். ஒன்பது ஆட்டங்களுக்கு இரண்டாயிரத்து இருநூற்றைம்பது பேர் வேண்டும். கடைசி ஆட்டத்துக்கு நானூற்றிரண்டு பேர் வந்தாக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மூன்று புள்ளிகள் போய்ப் பதினான்கு ஆகும், இறங்குவோம்.

இன்னொரு வழியும் இருந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்துவிட்டால் மூன்று புள்ளிகள் கிடைக்கும். வெட்டுப் போனாலும் பதினேழு மிஞ்சும்.

"ஜெயிக்கலாம்ணே," என்றான் எங்கள் கேப்டன் சிவபாண்டி. "அவிங்க வர்ற வண்டி வழியில பஞ்சரானா ஜெயிக்கலாம்."

எதிரணி ஏற்கெனவே சாம்பியன் ஆகிவிட்ட அணி. எனவே மிஞ்சியது நானூற்றிரண்டு பேர்தான்.

இரண்டாம் டிவிஷன் ஆட்டங்கள் அத்தனையும் ஊருக்கு வெளியே ஒரே மைதானத்தில், காலை ஏழு மணிக்கு நடக்கும். கோரிப்பாளையம் சந்திப்பிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் எங்கள் மைதானம் வேறு கிளப்புக்குப் போய்விடும். மைதானம் போனால் சாயங்காலப் பயிற்சி போகும். பயிற்சி போனால் கடையிலும் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு வரும் எங்கள் பையன்கள் போவார்கள். அதற்குப் பிறகு கிளப் என்பது என் வீட்டுப் பரணில் கிடக்கும் ஒரு மூட்டை ஜெர்சிதான். நான் அந்தக் கிளப்பின் செயலாளர். பெயர் ராம்கி. பிழைப்புக்கு மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் வேலை.

டைம் கீப்பருக்குக் கூட்டத்தைப் பஸ் கணக்கில்தான் பார்க்க வரும். உட்கார்ந்தவர்கள் ஐம்பத்தைந்து, நிற்பவர்கள் இருபத்தைந்து என்றால் ஒரு நிறைந்த டவுன் பஸ். எங்கள் கிழக்கு கேலரியில் எப்போதும் நான்கு பஸ் கூட்டம் இருப்பதாகத்தான் என் கண்ணுக்குத் தெரியும். ஆனால் லீக் அனுப்பும் பார்வையாளர் சின்னச்சாமி சார் எழுதும் எண்ணிக்கை மூன்று பஸ்ஸைத் தாண்டாது. டிக்கெட் இல்லாத ஆட்டம் என்பதால் அவர் எழுதுவதுதான் கணக்கு. கையில் ஒரு கிளிக் கவுண்டரை வைத்துக்கொண்டு, இடைவேளையில் மைதானத்தைச் சுற்றி நடந்து, தலைக்கு ஓர் அழுத்து அழுத்துவார். ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்தையும் நடுவரையும் கவனிக்க வேண்டியிருப்பதால், அவருக்கு எண்ணக் கிடைக்கும் நேரம் அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

போன வருஷமே நாங்கள் அவர் மேல் மனு கொடுத்திருந்தோம். 'மேற்படியாருக்குப் பார்வைக் கோளாறு இருக்கலாம் என அஞ்சுகிறோம்' என்ற வரியை எழுதியது நான்தான். எழுதியபோது பெருமையாகக்கூட இருந்தது.

எட்டாவது ஆட்டத்தன்று அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக நானும் ஒரு கவுண்டர் வாங்கிக்கொண்டு போனேன். முப்பதாவது நிமிடத்தில் எண்ணினேன். முன்னூற்று நாற்பது. இடைவேளையில் சார் எண்ணியது இருநூற்று இருபத்தாறு. அவர் பின்னாலேயே நடந்து நானும் மறுபடி எண்ணினேன். எனக்கும் இருநூற்று இருபத்தாறுதான் வந்தது.

அப்படியானால் நூற்றுப் பதினான்கு பேர் எங்கே?

கேட்டுக்கு வெளியே இருந்தார்கள். புங்க மர நிழலில், மாயக்காளின் பருத்திப்பால் வண்டியைச் சுற்றி, கையில் கண்ணாடி டம்ளரோடு நின்று, ஆஃப்சைடு கொடுத்தது சரியா தப்பா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இடைவேளை விசில் ஊதினால் வெளியே போய் ஒரு பருத்திப்பால் குடிப்பது எங்கள் மைதானத்து வழக்கம். நானே அதைப் பத்து வருஷமாகச் செய்துவந்தவன். எண்ணுகிற நேரம் பார்த்துக் கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, எண்ணியவருக்குக் கண் தெரியவில்லை என்று மனு எழுதியிருக்கிறோம்.

"அப்ப ஈசிதானண்ணே," என்றான் சிவபாண்டி. "கடைசி மேட்ச்சுக்கு யாரும் வெளிய போகாதீங்கன்னு மைக்குல சொல்லிருவோம்."

"உன்னைய யாராச்சும் பருத்திப்பால் குடிக்காதன்னு சொன்னா கேப்பியா?"

அவன் யோசித்துப் பார்த்தான். "கேக்க மாட்டேன்."

மாயக்காளிடம் போனேன். அவள் பெரிய கரண்டியால் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவது அது. கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். ஆகவே அவள் யாரிடம் பேசினாலும் சட்டியைப் பார்த்துத்தான் பேசுவாள்.

"ஒரு நாளைக்கு வண்டிய மைதானத்துக்குள்ள போடுக்கா," என்றேன்.

"உள்ள வந்துட்டா பஸ் ஸ்டாப்பு ஆளுகளுக்கு யாரு ஊத்துவா? ஓம் பொண்டாட்டியா?"

"இடைவேளை பதினஞ்சு நிமிசம்தான்க்கா."

"கேட்டுக்குக் கீழ இரும்புக் கம்பி குறுக்க கெடக்கு, பாத்தியா? வண்டிச் சக்கரம் ஏறுமா? ஏத்துனா சட்டி கவுந்துரும்."

"நாலு பேரு வந்து தூக்கி வப்பானுக."

"தூக்கி வைக்கிறது இருக்கட்டும். வெளிய தூக்கிட்டு வர்றது யாரு? மேட்ச் முடிஞ்சா ஒரு பயலும் கண்ணுல தட்டுப்பட மாட்டான்."

"நான் பொறுப்பு."

கரண்டி இரண்டு சுற்றுப் போனது. "சரி. ஆனா வெயில்ல நிக்க மாட்டேன்."

அங்கேதான் நிஜமான சிக்கல் இருந்தது. கிழக்கு கேலரிக்கு மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கூட்டம் வெளியே போனதற்குப் பருத்திப்பால் பாதிக் காரணம் என்றால், மர நிழல் மீதிக் காரணம். வண்டியை மட்டும் உள்ளே கொண்டுவந்து வெயிலில் நிறுத்தினால், வாங்கிக்கொண்டு மரத்தடிக்கே போய்விடுவார்கள்.

மறுநாள் சாயங்காலம் நான்கே முக்கால் மணிக்கு ஆறடிக் கம்பு ஒன்றை மைதானத்தில் நட்டு நிழலை அளந்தேன். பதினைந்து அடி. அதாவது உயரத்தைப் போல இரண்டரை மடங்கு. மைதானத்தின் மேற்குச் சுவர் பத்தடி உயரம், அப்படியானால் அதன் நிழல் இருபத்தைந்து அடி. சுவரின் நீளத்துக்கும் இருபத்தைந்து அடி அகலத்தில் நிழல் விழுகிற இடம் மைதானத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. அங்கே உட்காரப் படி இல்லாததால் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணிக்கு. மூன்றரைக்கே சிவபாண்டியும் இன்னும் மூன்று பேரும் ஜெர்சியோடு வந்து வண்டியைத் தூக்கி, கம்பியைத் தாண்டி, சுவர் நிழலில் இறக்கினார்கள். "மெதுவாடா, மெதுவா, பிள்ளத்தாச்சியத் தூக்குற மாதிரி தூக்கு," என்று சட்டியைப் பிடித்தபடி மாயக்காள் கூடவே நடந்தாள்.

சாம்பியன் அணி இரண்டு வேன் நிறைய ரசிகர்களோடு வந்தது. அவர்களைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விதி தலையைத்தான் எண்ணும், அது எந்தப் பக்கம் கை தட்டுகிறது என்று கேட்காது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினோம். முப்பதாவது நிமிடத்தில் நான் எண்ணினேன். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று. மறுபடி எண்ணினேன், அதேதான். அத்தனை பேரும் உள்ளேயே இருந்தாலும் பதினொரு பேர் குறைவு.

இடைவேளை விசில் ஊதியது. கூட்டம் எழுந்து வழக்கப்படி கேட்டை நோக்கி நடந்தது, வண்டியை உள்ளே பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பியது. சிகரெட் பிடிக்க நான்கு பேர் மட்டும் வெளியே போனார்கள். முன்னூற்றெண்பத்தேழு. நினைத்ததெல்லாம் நினைத்தபடி நடந்தது. ஆனாலும் போதவில்லை.

அப்போது நான் கொஞ்சமும் கணக்கில் சேர்க்காத ஒன்று நடந்தது. கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, "மாயக்கா எங்க, இன்னிக்கு லீவா?" என்று கேட்டார்.

"இங்கன இருக்கேன்! உள்ள வாங்க!" என்று மாயக்காள் கத்தினாள். கோல் போட்டபோது எழுந்த சத்தத்தைவிட அது பெரிய சத்தம்.

அவர் வந்தார். அவர் பின்னால் பூக்கூடையோடு ஒரு பெண், தோளில் பை மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக இருபத்துமூன்று பேர் வந்தார்கள். அன்றாடம் அந்த நேரத்தில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் பஸ் ஏறுகிறவர்கள்.

சின்னச்சாமி சார் சுற்றி முடித்து என் முன்னால் வந்து கவுண்டரைக் காட்டினார். நானூற்றுப் பத்து.

"ராம்கி, கடைசியா வந்த ஆளுக மேட்ச் பாக்கவா வந்தாக?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல சார். பருத்திப்பால் குடிக்க வந்தாக."

அவர் தலையாட்டினார். "உள்ள இருக்கிறவுகள எண்ணுன்னுதான் விதி. எண்ணிட்டேன். ஆனா ரெண்டாவது பாதி விசிலுக்கு முன்னாடி வெளிய போற ஆள நான் கழிச்சிருவேன். அதுவும் விதிதான்."

மணி நான்கு ஐம்பத்துமூன்று. விசில் சரியாக ஐந்து மணிக்கு. பஸ் எப்போது என்று வேறு யாரையும் நான் கேட்க வேண்டியதில்லை. மாட்டுத்தாவணியில் நான்கு நாற்பதுக்குக் கிளம்பும் வண்டி, ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் பதினேழு நிமிடம் ஓடி, நான்கு ஐம்பத்தேழுக்கு எங்கள் கேட் முன்னால் நிற்கும். அங்கிருந்து சிம்மக்கல் வழியாகப் பெரியார் போகும். மற்ற நாட்களில் அதை அனுப்பி வைப்பவனே நான்தான். அது தாமதமாக வரக் கூடாது என்பதற்காகப் பதினோரு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். ஒரு நாள் தாமதமாக வரட்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

நான்கு ஐம்பத்தேழுக்கு ஹாரன் கேட்டது.

பூக்கூடைப் பெண் பஸ்ஸைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். டம்ளரில் பாதிக்கு மேல் இருந்தது, ஆவி பறந்தது. டீயாக இருந்தால் இந்நேரம் குடித்து முடித்திருப்பாள். டீ நீர்த்தது, டம்ளருக்குள் மேலும் கீழும் புரண்டு சூட்டை விட்டுவிடும். பருத்திப்பால் கெட்டி. அது புரளாது, மேலே ஆடை படிந்து சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அவசரமாக விழுங்கினால் நாக்கு வெந்துவிடும். கொட்டிவிட்டுப் போக மாயக்காளின் முன்னால் யாருக்கும் தைரியம் கிடையாது. டம்ளரோடு ஓடவும் முடியாது.

ஆறு பேர் ஊதி ஊதிக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு ஓடினார்கள். ஒவ்வொருவர் கேட்டைத் தாண்டும்போதும் சின்னச்சாமி சாரின் பென்சில் ஒரு கோடு போட்டது. ஏழாவதாகக் கல்லூரிப் பிள்ளை ஒருவன் நான்கடி ஓடி நின்று திரும்பினான். "விடுங்கடா, அடுத்தது அஞ்சு இருவதுக்கு," என்று தன் கூட்டாளிகளிடம் சொன்னான். சரியான நேரம். அட்டவணை தெரிந்த பயணியை நான் எப்போதும் மதிப்பவன்.

பஸ் நகர்ந்தது. விசில் ஊதியது.

"நானூத்தி நாலு," என்றார் சார், எழுதிக்கொண்டே.

"என்னையச் சேத்தா சார்?" என்றாள் மாயக்காள்.

"யாவாரம் பாக்குறவுகளச் சேக்கக் கூடாதும்மா."

"ஆமா, அம்புட்டுப் பேருக்கும் ஊத்துனது நானு, நான் மட்டும் கணக்குல இல்ல."

நான் அவளிடம் ஒரு டம்ளர் வாங்கி சாரிடம் நீட்டினேன். "அந்த மனு எழுதுனது நான்தான் சார். உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. மன்னிச்சிருங்க."

"தெரியும். மனு நல்லா எழுதியிருந்த," என்று வாங்கிக்கொண்டார். "ரெண்டு எழுத்துப் பிழை இருந்துச்சு."

பூக்கூடைப் பெண் கூடையைச் சுவரோரம் இறக்கிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுல எது நம்ம டீமு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். நீலச் சட்டையைக் காட்டினார் அவர். அந்த நிமிடமே நீலச் சட்டைக்காரர்கள் இரண்டாவது கோலை வாங்கினார்கள். அவள் உச்சுக் கொட்டினாள். ஐந்து இருபது பஸ் வந்தபோது, கார்னர் கிக் ஒன்று எங்களுக்குக் கிடைத்திருந்தது. அது முடியட்டும் என்று உட்கார்ந்தவள் அந்தப் பஸ்ஸையும் விட்டாள்.

இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். தோற்ற அணி கட்டிப்பிடித்துக் குதிப்பதைச் சாம்பியன்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் வந்து என்னிடம், "என்னாண்ணே, ஸ்கோர் தெரியுமா அவிங்களுக்கு?" என்று கேட்டான். பதினான்காவது விதியில் தொடங்கி அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். சராசரியைத் தாண்டி நிழலுக்கு நான் வருவதற்குள் சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது.

"ராம்கி! பொறுப்புன்னயே, என்னாச்சு? தோத்த பயலுகளக் கூப்பிடு, வண்டியத் தூக்கணும்!"

வியர்வை சொட்டும் ஜெர்சியோடு சிவபாண்டி ஓடினான். பின்னால் மூன்று பேர் ஓடினார்கள். நான்கு மூலைக்கு நான்கு பேராக நின்று, சட்டி அலுங்காமல், இரும்புக் கம்பிக்கு மேல் வண்டியைத் தூக்கினார்கள்.