ப்ளீச்சில் ஊறிய கோப்பை

தம்பிக்கு வைரஸ் வளர்க்கும் வேலை. புற்றுக்கட்டியைக் கொல்லும் வைரஸ். நோயாளிகளின் வீட்டாருக்கு அதை விளக்கிச் சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"ஒரு கட்டியில ஊசி போட்டா போதும். வைரஸ் அதை உடைக்கும். உடைஞ்சதைப் பார்த்து உடம்போட எதிர்ப்புச் சக்தி அடையாளம் பிடிச்சுக்கும். அப்புறம் பரவின கட்டியெல்லாம் எங்க ஒளிஞ்சிருந்தாலும் தேடிப்போய் அடிக்கும். வைரஸ் மத்தவங்களுக்குத் தொத்திக்குமோன்னு பயமே வேண்டாம், ஊசி போட்ட இடத்துக் கட்டு மட்டும் பிரியாம பாத்துக்கங்க. ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க."

இதைக் கேட்டுத்தான் அவன் அக்காவும் சம்மதித்தாள். தொடைக் கட்டியில் ஊசி போட்டுக்கொண்டு தம்பி வீட்டிலேயே தங்கினாள். ஒவ்வொரு ஊசிக்கும் காய்ச்சல் போட்டு வாட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

மூன்றாவது ஊசிக்கு முந்தின நாள் மாலை, சமையலறைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தம்பி கையுறை மாட்டிக்கொண்டு, அவள் காபி குடித்த கோப்பையை ப்ளீச் வாளியில் முக்கிக்கொண்டிருந்தான். அவள் தட்டும் கரண்டியும் ஏற்கெனவே அதில் கிடந்தன.

"என்னடா இது?"

"லேப் பழக்கம்க்கா. கை தானா செய்யுது..."

"அப்ப உன் கோப்பை ஏன் மேடையில இருக்கு? உன் கைக்கு என் சாமான் மட்டும்தான் தெரியுமா?"

பழக்கமாவது மண்ணாவது. பயம்தான். முதல் நாளிலிருந்தே பயம். அவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அக்கா அறைக்குப் போய்ப் பையை எடுத்தாள். ஊசியைப் பாதியில் விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? பின்னாலேயே ஓடினான்.

"என்னைத் திட்டுக்கா, நாலு அறைகூட விடு. கோபத்துல ஊசியை மட்டும் விட்டுடாதே."

அவள் கழுத்தின் பக்கவாட்டில் விரல் வைத்தாள். அங்கேயும் ஒரு கட்டி இருந்தது. அதில் யாரும் ஊசி போடவில்லை.

"பாதியா கரைஞ்சிருக்குடா. உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு ஆசையா ஓடி வந்தேன்." பையைத் தோளில் மாட்டினாள். "ராத்திரி ஆஸ்பத்திரி பக்கத்துல ரூம் எடுத்துக்கறேன். நாளைக்கு ஊசி போட்டுப்பேன். உன்னை நம்பி இல்ல, இந்தக் கழுத்தை நம்பி."

தன் வைரஸ் ஜெயித்த இடத்தைத் தொட்டுப் பார்க்க அவன் கை தானாக நீண்டது. கையுறை இன்னும் அதில்தான் இருந்தது.

அக்கா அதைப் பார்த்தாள். கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.