ஒழுகினால் நல்லது

என் கடைக்கு வருகிற போன்களில் பாதிக்கு மேல் ஒரே பாட்டுத்தான். "ஏசி போட்டா வண்டி ஒழுகுதுங்க." எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கைக்கு நேர் கீழே, தரையில் என்பார்கள். அது தண்ணீர், ஐயா, வெறும் தண்ணீர். காற்றில் இருக்கும் ஈரம் டேஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயிலில் பட்டு நீராகி, ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே சொட்டுகிறது. சொட்டினால்தான் ஏசி வேலை செய்கிறது என்று அர்த்தம். இதை இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அதனால் விளக்கம் சொல்வதையே விட்டுவிட்டேன். "ஒழுகினா நல்லது, போனை வைங்க." அவ்வளவுதான். எங்கள் தெருவில் டயர் கடைக்காரனும் பேட்டரி கடைக்காரனும் எனக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். "ஒழுகினா நல்லது எங்கே, டீ குடிக்கப் போயிருக்கா?" என்று என் காதுபடவே கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை வேறு. வெட்கங்கெட்டவன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் தங்கச்சி போன் செய்தபோது நான் ஒரு காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தேன். வாயில் இரண்டு ஸ்க்ரூ. காருக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று, எப்போது முடியும், எப்போது முடியும் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வண்டி ஒழுகுதுண்ணே. அது வந்து, கீழ பாத்தா…"

"ஒழுகினா நல்லது. கூடப் பிறந்தவளுக்குமா நான் பாடம் எடுக்கணும்? வேலையா இருக்கேன், வை போனை."

வைத்துவிட்டாள். நானும் ஸ்க்ரூவை முடுக்கப் போய்விட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் சாதாரணமாகக் கார் ஓட்டுகிறவளாக இருந்தால் இது ஒரு கதையே இல்லை. அவள் புருஷன், என் மாப்பிள்ளை, விளம்பரப் பலகை மாட்டுகிற தொழில் பார்த்தவர். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஏணி சறுக்கி விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கியது. தோளை அசைப்பார், முழங்கையைக் கொஞ்சம் மடக்குவார். நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இதில் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்த ஒரு கொடுமை என்னவென்றால், அந்த உடம்புக்கு வேர்க்காது. வெயிலில் வைத்தால் சூடு உள்ளே போகும், வெளியே வராது. அரை மணி நேரத்தில் காய்ச்சல் ஏறிவிடும். அதனால்தான் அவர்கள் காருக்கு ஏசியை நானே பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன்.

புதன்கிழமை நாலு மணிக்குள் அவரை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அடிபட்டவர்களுக்குக் கைகால் பழக்குகிற வார்டு, நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி. பதினோரு மாதம் காத்திருந்து கிடைத்த கட்டில் அது. ஆறு வாரத்தில் ஸ்பூன் பிடிக்கப் பழக்குவார்கள். ஒரு பலகையின் மேல் வழுக்கிக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானாக மாறப் பழக்குவார்கள். கேட்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. என் தங்கச்சி ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அவரைத் தூக்குகிறாள். அவள் எடை நாற்பத்தாறு கிலோ. முதுகெலும்பில் ஒரு டிஸ்க் விலகிவிட்டது, இன்னொன்று போனால் நீங்களும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழுந்த ஒன்றரை வருஷத்துக்குள் பழக்கினால்தான் கை திரும்பும், அப்புறம் விறைத்துவிடும் என்றும் அவரேதான் சொன்னார். வீட்டில் இரண்டு பேரில் ஒருவராவது எழுந்து நடமாட வேண்டுமானால், அந்தக் கட்டில் வேண்டும்.

புதன்கிழமை பதினொன்றரைக்கு மாப்பிள்ளையே பேசினார்.

"மச்சான், காத்து சூடா வருது."

"எவ்வளவு தூரம் போயிருக்கீங்க?"

"எண்பது கிலோமீட்டர். ஒரு பாலத்துக்கு அடியில நிழல்ல நிக்கிறோம். அவசரமில்ல, இட்லி மாதிரிதான் வெந்துக்கிட்டு இருக்கேன்."

ஏசி கேஸ் சிலிண்டர், அழுத்தம் பார்க்கிற கேஜ், விளக்கு எல்லாவற்றையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தேன். என் வேனில் ஏசி கிடையாது. ஊரெல்லாம் குளிர வைக்கிறவன் வண்டியில் ஜன்னல்தான். அவரை அதில் ஏற்றிக்கொண்டு போகவும் வழியில்லை. கழுத்துக்கும் நெஞ்சுக்கும் பட்டி வைத்த தனி இருக்கை அவர்கள் காரில் மட்டும்தான் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சி ஆஸ்பத்திரி ஃபைலால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவர் தலையில் ஈரத்துண்டு. காய்ச்சல் நூற்றொன்று. அவள் என்னைப் பார்த்தாள், விசிறுவதை நிறுத்தவில்லை. நான் காருக்கு அடியில் படுத்து அந்தச் சின்னக் குழாயைப் பார்த்தேன்.

நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பச்சையாக.

அந்தப் பச்சை என் பச்சை. யார் வண்டிக்குக் கேஸ் அடித்தாலும் அதோடு கொஞ்சம் பச்சைச் சாயம் விடுவது என் வழக்கம். பின்னால் எங்கே கசிந்தாலும் சாயம் காட்டிக்கொடுத்துவிடும், தேட வேண்டாம். போன கோடையில் இந்த வண்டிக்கும் என் கையாலேயே விட்டேன். தண்ணீர்க் குழாயில் பச்சை வந்தால் கூலிங் காயிலே ஓட்டை என்று அர்த்தம். அதை மாற்ற ஸ்டீயரிங்கை இறக்கி, டேஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டும். எனக்கே எட்டு மணி நேரம் ஆகும். செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி கடைக்கு வந்திருந்தால் சாயங்காலத்துக்குள் முடித்திருப்பேன். என்ன நிறம் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

"எப்பலேர்ந்து பச்சையா வருது?" தெரிந்துகொண்டே கேட்டேன்.

"நேத்துக் காலைலேர்ந்து," என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை உள்ளேயிருந்து, "டாக்டர் வந்தாச்சு. நோயாளி நானா காரான்னு மட்டும் முதல்ல முடிவு பண்ணுங்க," என்றார். அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

கேஸ் அடித்தேன். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்கிற வேலைதான், ஆனாலும் அடித்தேன். ஒன்றேகாலுக்குக் குளிர்ந்த காற்று வந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடி, "ஆகா," என்றார். இன்னும் நூறு கிலோமீட்டர். மூன்று மணிக்குப் போய்விடலாம். வழியில் ஒரு தடவை நிறுத்தி மறுபடி அடித்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். தங்கச்சி முன்னால் போனாள், நான் வேனில் பின்னால். இருபத்தைந்து நிமிஷம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிறகு அவள் வண்டி ஒரு பெட்ரோல் பங்குக்குள் திரும்பியது. கதவைத் திறந்து இறங்கியவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள். உள்ளே மாப்பிள்ளை தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார். இரும அவருக்கு நெஞ்சில் பலம் இல்லை.

"தலை வெடிக்குது மச்சான்," என்றார். நாக்குக் குழறியது.

ஓட்டை கூலிங் காயிலில் என்றால் கேஸ் தெருவுக்குப் போகாது. காற்று எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகத்தான் வரும், நேராக மூக்குக்கு. இது தொழிலில் முதல் வருஷப் பாடம். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன். இத்தனை வேகமாக இறங்காது என்று நினைத்தேன், அல்லது நினைக்க ஆசைப்பட்டேன்.

நாலு கதவையும் திறந்துவிட்டோம். வெயில் முகத்தில் அறைந்தது. காய்ச்சல் நூற்றிரண்டரை. சிலிண்டரில் இன்னும் இரண்டு தடவைக்குக் கேஸ் இருந்தது. நான் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அடிங்க," என்றார் மாப்பிள்ளை. "தலை வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. இன்னும் ஒரு மணி நேரம்தானே."

"வேணாம்," என்றாள் தங்கச்சி.

"உன் முதுகுக்காகத்தான்டி சொல்றேன்."

"என் முதுகை நான் பாத்துக்கறேன். நீங்க முதல்ல மூச்சு விடுங்க."

"நீ பாத்துக்கிற லட்சணந்தான் தெரியுதே."

அவள் வண்டியை அணைத்துச் சாவியை உருவி, உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை அந்தக் கையையே பார்த்தார். அவரால் பார்க்க மட்டும்தான் முடியும். என்னால் அவரைப் பார்க்கவும் முடியவில்லை, அவளைப் பார்க்கவும் முடியவில்லை.

பங்கில் ஒரு சின்னக் கடை இருந்தது, உள்ளே ஏசி. கல்லாவில் இருந்த அம்மா எங்களைப் பார்த்ததுமே தண்ணீர்ப் பெட்டிகளை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார். நானும் பெட்ரோல் போடுகிறவரும் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிர்பான ஃபிரிட்ஜுக்கு முன்னால் கிடத்தினோம். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை என்றார் அந்த அம்மா.

நான் வெளியே வந்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவோம், நீங்கள் சொல்கிற இடத்துக்கு இல்லை என்றார்கள். இரண்டு வாடகைக் கார்க்காரர்களைக் கூப்பிட்டேன். தூக்கி உட்கார வைத்துக் கட்ட வேண்டும் என்றதும் இரண்டு பேரும் லைனைத் துண்டித்தார்கள். கடைசியில் அந்த வார்டுக்கே போட்டேன். நர்ஸ் எடுத்தார்.

"வெயில் தாழ்ந்ததும் கிளம்பிடறோம்மா. ஏழு மணிக்கு அங்க இருப்போம். மூணு மணி நேரம்தான், கொஞ்சம் பிடிச்சு வைங்க."

"நாலு மணிக்கு மேல கட்டிலை வச்சிருக்க எனக்கு அதிகாரம் இல்லைங்க. அடுத்தவங்க இப்பவே வந்து வெளியில உக்காந்திருக்காங்க."

நான் கத்தினேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே. மனுஷத்தன்மை இருக்கிறதா என்று கேட்டேன், கல் நெஞ்சு என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அந்தப் பெண் நான் முடிக்கும் வரை பொறுமையாக இருந்தார்.

"வெளியில உக்காந்திருக்கிறது ஒரு பத்தொன்பது வயசுப் பையன்," என்றார். "அவன் அம்மாவும் உங்களை மாதிரிதான் பேசினாங்க, போன தடவை அவங்களுக்குக் கட்டில் கைவிட்டுப் போனப்ப."

நாலு மணியை நாங்கள் அந்தக் கடைக்குள்தான் கழித்தோம். காய்ச்சல் நூறுக்கு இறங்கியிருந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. நாலு ஐந்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தங்கச்சிதான் பேசினாள். "சரிங்க," என்றாள். "புரியுதுங்க. பரவாயில்லைங்க." அப்புறம், "மறுபடி எழுதி வச்சா எவ்வளவு நாளாகுங்க?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டு நன்றி சொல்லி வைத்தாள்.

"எவ்வளவாம்?" என்றார் மாப்பிள்ளை, கண்ணைத் திறக்காமல்.

"பத்து மாசம்."

பதினாலும் பத்தும் இருபத்துநாலு. ஒன்றரை வருஷம் என்பது பதினெட்டு. யாரும் கூட்டிச் சொல்லவில்லை.

அவள் துண்டைப் பிழிய வெளியே குழாயடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"பச்சைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"சரி, நான் ஒரு மடையன், வச்சிட்டேன். நீ திரும்பக் கூப்பிட்டிருக்கலாம்ல. பகல் பூரா இருந்ததே."

அவள் துண்டை முறுக்கிப் பிழிந்தாள், உதறினாள், மறுபடி தண்ணீரில் நனைத்தாள்.

"மூணு தடவை போனை எடுத்தேன்ணே. மறுபடி திட்டுவீங்களேன்னு வச்சிட்டேன்."

அவள் சொன்னதில் குத்தல் இல்லை. நான் எத்தனை மணிக்குக் கடை திறப்பேன் என்று யாரோ கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அவள் திட்டுகிறவன் என்றுதான் என்னை வைத்திருந்திருக்கிறாள் என்பது எனக்கு ஐம்பத்தொரு வயதில், ஒரு பெட்ரோல் பங்குக் குழாயடியில் தெரிந்தது. அவளுக்கு முன்னால் அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

ஆறு மணிக்கு வெயில் இறங்கியது. வீட்டுக்குத் திரும்ப ஜன்னல் காற்றே போதும். அவரைக் காரில் ஏற்றப் போனோம். அவள் வழக்கம்போலக் குனிந்து, இரண்டு கையையும் அவர் அக்குளுக்குள் கொடுத்தாள். ஒரு கணம் அப்படியே நின்று பல்லைக் கடித்தாள்.

"நீ விடும்மா. நகரு. நான் தூக்கறேன்."

அவள் நிமிரவில்லை. அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு நீங்க தூக்கிடுவீங்கண்ணே," என்றாள். "நாளைக்கு?"

நான் போய் அவர் காலைப் பிடித்தேன்.