கிழிந்த வால்

…இல்லை, வால் கிழிந்துதான் இருந்தது, நான் பார்த்தேன், ஓரமெல்லாம் தேய்ந்து வெள்ளை பூத்து, வலைக்கூண்டுக்குள் நெருக்கியடித்து வளரும் பண்ணை சால்மனுக்கு இருப்பதைப் போலவே… கீழே ஃபியோர்டுக் கடலிலுள்ள கூண்டிலிருந்து தப்பி வந்ததென்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள், நான் மட்டுமா? தப்பி வந்தது ஆற்று மீனோடு கலந்து இனத்தையே கெடுக்கும், அதைக் கொல்ல வேண்டும், ஆற்றில் பிறந்த பெண்மீனை விட்டுவிட வேண்டும், இங்கே தூண்டில் வீசுகிற அத்தனை பேருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கட்டையால் தலையில் இரண்டு அடி. சனியன் ஒழிந்தது என்று நினைத்தேன். இப்போது மீன்குடில் மேசையில் கிடக்கிறது, வயிறு நிறையச் சினை… பண்ணை மீனுக்கும் சினை உண்டு, அதனால் என்ன, ஆனால் கத்தியால் சுரண்டிய செதிலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேனே, ஏன் பார்த்தேன்? நடுவில் நெருக்க நெருக்கமாக வளையங்கள். மூன்று குளிர்காலம் பசியோடு பனிக்கட்டிக்கு அடியில், இதே ஆற்றில். தீனி போட்டு வளர்த்ததற்கு அப்படி வராது.

போன இலையுதிர் காலத்தில் என் தம்பி எஸ்கில் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு அருவியிலிருந்து கழிமுகம் வரை நீரோடு மிதந்து எண்ணினான், உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுக்க, "பத்தொன்பதுதான்க்கா, வேற பொம்பள மீனே இல்ல"… ஆற்றுக்கே பத்தொன்பது தாய். இந்த வருடம் இன்னும் குறைந்தால் பிறகு எண்ணுவதற்கே ஒன்றும் இருக்காது, ஐயோ, அதில் ஒன்றையா நான்? வாசலில் பூட்ஸைக் கழற்றும் சத்தம், எஸ்கில்தான். "என்னக்கா மூஞ்சி, பண்ணை மீனுக்கு ஒப்பாரி வைக்கிறியா?" சிரிக்கிறான். "உன் கண்ணு இருக்கிறப்ப ஆய்வுக்கூடம் எதுக்கு? அங்க அனுப்பற செதில் கவரக் குடு, பண்ணைன்னு எழுதிடறேன்." குடுக்கலாம்… வேறொரு பண்ணை மீனின் செதிலை மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியும்? சீ, என்ன புத்தி இது. மீனின் தலையைத் திருப்பினேன், இடது செவுள்மூடியில் நான்கு கரும்புள்ளி வளைவாக, ஒன்று மட்டும் தள்ளி… இதை எங்கே பார்த்தேன்? தினமும் பார்க்கிறேனே. போனைத் திறந்தாலே வருகிற படம். ஜூனில் இந்தக் கோடையின் முதல் மீன், எஸ்கில் எடுத்தது, "இன்னும் கொஞ்சம் தூக்குக்கா, சிரி, இன்னொண்ணு எடுக்கறேன்", நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன், பிறகு முத்தம் கொடுத்து ஆற்றில் விட்டேன், போடி கண்ணு என்று. அதே நான்கு புள்ளி, அதே தள்ளி ஒன்று. படத்தில் வால் முழுசாக இருக்கிறது, என் கம்பளிக் கையுறைக்குள். காய்ந்த கையுறை. நனைக்காமல் பிடித்தால் மீனின் வழவழப்பு உரிந்துவிடும், உரிந்த இடத்தில் பூஞ்சை பிடித்துத் துடுப்பையே தின்றுவிடும், நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் நான்தானே… இவனிடம் சொன்னால், படம் எடுத்தவன் அவன், அவனுக்கும் இந்தப் பழி ஒட்டிக்கொள்ளும். "எழுதட்டுமாக்கா?" பேனா மூடியைக் கழற்றிவிட்டான்.