ஏழு படிகளில் இரண்டு பள்ளங்கள்

கெல்மின்ஸ்டர் பேராலயத்தில் பார்க்க எவ்வளவோ உண்டு. ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது புனித டன்வின் சமாதிக்கு ஏறும் ஏழு படிகளின் முன்னால்தான். ஒவ்வொரு படியிலும் ஒரு முழ இடைவெளியில் இரண்டு பள்ளங்கள். எழுநூறு ஆண்டுகளாக யாத்ரீகர்கள் முழந்தாளிட்டு ஏறி ஏறிக் கல்லே தேய்ந்துவிட்டது என்பார்கள். வந்த அத்தனை பேரும், குண்டனும் ஒல்லியும், அச்சு வைத்தாற்போல் ஒரே இடத்தில்தான் முழங்காலை வைத்தார்களா என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் நிறைந்த ஊர், எப்படித் தோன்றும்?

எட்னா காமேஜுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பள்ளங்களைப் போட்டது அவளுடைய அப்பா. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. சமாதிக்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் இரண்டு பெரிய இரும்பு அடுப்புகள் இருந்தன. குருமார்களுடைய பாதங்கள் விறைக்காமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. அவற்றுக்குத் தீனி போடுவது ஏனோக்கு காமேஜின் வேலை. அடியில் இரண்டு இரும்புப் பட்டை அடித்த மரச் சறுக்குவண்டியில் நிலக்கரி மூட்டைகளை ஏற்றி, கயிற்றைத் தோளில் போட்டு, முப்பத்தைந்து வருஷம் அந்தப் படிகளில் இழுத்தார். இடுப்பு போயிற்று. வலது காலும் போயிற்று. பாடகர் குழு உள்ளே வருமுன் கரிக்கதவு வழியாக வெளியேறிவிட வேண்டும் என்பது அவருக்குக் கட்டளை. ஆராதனை நடக்கும்போது அந்தப் பேராலயத்துக்குள் அவர் ஒரு நாள்கூட உட்கார்ந்தது கிடையாது.

போரில் தோற்று ஓடிய பிரபுவுக்கு அங்கே பளிங்கில் படுக்கை இருக்கிறது, மூன்று மனைவிமாரோடு. பத்து வருஷம் ஊர்ப்பக்கமே வராத பேராயருக்குத் கல்லறையைச் சுற்றித் தங்க முலாம் பூசிய கூண்டு இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு வரி இல்லை. இது எட்னாவின் வயிற்றில் எரிந்துகொண்டே இருந்தது.

தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் நீலப் பட்டை மாட்டிக்கொண்டு பேராலய வழிகாட்டியாகச் சேர்ந்தாள். பதினொரு வருஷமாக அந்தப் படிகள் வரும்போது, "பார்த்து ஏறுங்க, வழுக்கும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அப்போதுதான் பேராலயத்தின் தொள்ளாயிரமாவது ஆண்டு விழா வந்து தொலைந்தது. படிகளுக்கு அருகே பித்தளைப் பலகை பதிக்கப்போகிறார்களாம், முழங்கால் கதையை அதில் செதுக்கப்போகிறார்களாம், பேராயரே முழந்தாளிட்டு ஏழு படியும் ஏறப்போகிறாராம். பித்தளையில் ஏறிவிட்டால் பிறகு யார் இறக்குவது? எட்னா நேரே தலைமைக் குரு ஸ்டாப்பர்ட்டிடம் போனாள்.

ஸ்டாப்பர்ட் தங்கமான மனிதர். யாரிடமும் 'இல்லை' என்று சொல்லமாட்டார். 'சுவாரஸ்யமா இருக்கே' என்பார், அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். தேநீர் கொடுத்தார், கேக் வெட்டித் தந்தார். எட்னா சறுக்குவண்டி, கரிமூட்டை எல்லாம் சொல்லி முடித்தாள். பலகையில் முழங்கால் வேண்டாம், நிலக்கரி இழுத்த ஏனோக்கு காமேஜ் என்று ஒரு வரி போதும் என்றாள். அவர் மூன்று தடவை சுவாரஸ்யம் என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பேராலயத்துத் தேநீர்க் கடையைப் பார்த்துக்கொள்ளும் மேவிஸ் அவளுடைய பள்ளித்தோழி. அவளிடம் போய்க் கொட்டினாள்.

"உனக்கென்னடி வந்துச்சு?" என்றாள் மேவிஸ். "அவங்களுக்கு முழங்கால் பிடிச்சிருக்கு. வெச்சுக்கிட்டுப் போகட்டுமே."

"அது முழங்கால் இல்லடி, எங்க அப்பா முதுகு."

மேவிஸ் ஒரு கோப்பைத் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

செவ்வாய்க்கிழமை காலை, பலகைக்கு அளவெடுக்க விழாக் குழு படிகளருகே கூடியிருந்தது. எட்னா வீட்டுக் கொட்டகையிலிருந்து அப்பாவின் சறுக்குவண்டியை எடுத்து, அதன்மேல் இருந்த பூந்தொட்டிகளை இறக்கிவிட்டு, தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். யாரையும் கேட்கவில்லை. முதல் படியில் தூக்கி வைத்தாள். இரண்டு இரும்புப் பட்டையும் இரண்டு பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. அடுத்த படியில் வைத்தாள், அங்கேயும் அப்படியே. ஏழு படியிலும் வைத்துக் காட்டினாள். தீர்ந்தது விஷயம் என்று எட்னாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஸ்டாப்பர்ட் குனிந்து வண்டியைப் புரட்டிப் பார்த்தார். அடிப்பலகையில் காய்ச்சிய கம்பியால் சுட்டு எழுதியிருந்தது, ஏனோக்கு என்று.

"வேதாகமப் பெயர்," என்றார் அவர், குரலே மாறிப்போய். "மிஸ் காமேஜ், உங்க அப்பா இதைக் கரிக்கு உபயோகிச்சிருக்கலாம். நான் இல்லேங்கல. ஆனா அதுக்கு முன்னாடி இது என்னவா இருந்துச்சு?"

"அதுக்கு முன்னாடி இது மரமா இருந்துச்சு, ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. ஆராய்ந்து பார்க்க வேண்டும், ஆறு வாரம் எங்களிடம் இருக்கட்டும் என்றார்கள். பாவி மகள், நம்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து வண்டி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, தலைக்குமேல் ஒரு சின்ன விளக்கோடு. அட்டையில் எழுதியிருந்ததை எட்னா இரண்டு தடவை படித்தாள். நடக்க இயலாத யாத்ரீகர் ஏனோக்கு இந்த வண்டியில் சமாதிக்கு இழுத்துச் செல்லப்பட்டு, குணமடைந்து, தம் கால்களால் இறங்கிச் சென்றார், பதினான்காம் நூற்றாண்டாக இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' மட்டும் எறும்பளவு எழுத்தில் இருந்தது. பித்தளைப் பலகையிலும் திருத்தம் செய்தாயிற்று. பள்ளங்களுக்கு இப்போது முழங்கால்களும் காரணம், வண்டியும் காரணம். நிலக்கரிக்கு மட்டும் அதில் இடம் இல்லை.

எட்னா போய்ச் சண்டை போட்டாள். இழுத்தவரை ஏற்றி உட்கார வைத்துவிட்டீர்களே என்று கத்தினாள். ஸ்டாப்பர்ட் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டார். நீங்கள் கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளலாமே என்றார். அவள் நீலப் பட்டையைக் கழற்றி அவருடைய கேக் தட்டின்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

விழா நாளுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். மனசு கேட்கவில்லை. கரிக்கதவுப் பக்கம், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் பூ அலங்காரக் குழுவைச் சேர்ந்த ஒரு தொப்பிக்காரம்மா.

பேராயர் பட்டும் ஜரிகையுமாக முழந்தாளிட்டு ஏறத் தொடங்கினார். பள்ளம் தவறாமல் முழங்காலை வைத்தார். நான்காவது படியில் அவருக்கு மூச்சு முட்டியது, நின்றுவிட்டார். அப்பாவும் நான்காவது படியில்தான் நிற்பார். ஆனால் அவரை யாரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்ததில்லை. பேராயரைப் பிடித்தார்கள், ஏற்றினார்கள், ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

பிறகு ஸ்டாப்பர்ட் மேடையேறி, பேராலயத்தை வாழவைத்தவர்களின் பெயர்களை வாசித்தார். வருஷா வருஷம் வாசிக்கும் பட்டியல்தான். அரசர்கள், பேராயர்கள், தோற்று ஓடிய பிரபு, அவருடைய மூன்று மனைவிமார். கடைசியில் புதிதாக ஒன்று.

"கால் ஊனமுற்று இப்படிகளில் வந்த ஏனோக்கு."

எட்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தனை பொய்க்குள்ளும் அந்த ஒரு வரி உண்மையாக இருந்தது. கால் ஊனம், படிகள், ஏனோக்கு. சபை முழுவதும் வாய் திறக்குமுன்னே அவள் உரக்க ஆமென் என்றாள். முன்வரிசைத் தலைகள் திரும்பின.

தொப்பிக்காரம்மா பக்கம் சாய்ந்து, "ஏனோக்கு மேல அவ்வளவு பக்தியா உங்களுக்கு?" என்றாள்.

"அவர் எங்க அப்பா."

அந்த அம்மா எட்னாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"ஆமாம்மா," என்றாள். "நம்ம எல்லாருக்குமே அவர் அப்பாதான்."