இழுத்து வந்தவர்

1

இந்தக் கதை என் வெட்கத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம். 1974இல் திருவள்ளூரில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் குடியிருந்தேன், பள்ளிக்கூட டீச்சர். ஒருநாள் கடை பற்றிக்கொண்டது. அரை மயக்கத்தில் கிடந்த என்னை ஒரு தீயணைப்பு வீரர் வெளியே கொண்டுவந்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐந்து வருஷமாக ஒரு நன்றி என் தொண்டையிலேயே நிற்கிறது. (பொய். நன்றி தோன்றியதே போன மாதம்தான்.)

2

"அன்று வானம் செந்நிறமாக..." வேண்டாம். வீடு எரியும்போது வானத்தை யார் பார்க்கிறார்கள்?

"யேசுதாஸ் பிறவியிலேயே வீரர். சிறு வயதிலிருந்தே அவர்..." இதுவும் வேண்டாம். என்னைக் கொண்டுவந்த அந்த வீரர் பயிற்சியில் தோற்றவர். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

3

கும்மிடிப்பூண்டியில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலைக் கிடங்கு. தீயணைப்புப் பயிற்சிக்காகச் சன்னல்களைச் சாக்கால் அடைத்து, ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டிருந்தார்கள். உள்ளே சட்டை மாட்டிய மணல் மூட்டை ஒன்று, ஆள் என்ற கணக்கில் கிடந்தது. தவழ்ந்து போய், கக்கத்தில் கைகொடுத்து, அதைத் தரையோடு இழுத்து வர வேண்டும். புகை மேலே நிற்கும்; மூச்சு விடக் கொஞ்சம் காற்று தரையில்தான் மிஞ்சும்.

யேசுதாஸ் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். நாலே எட்டு, விழுந்தார். மூன்று நாளும் இதே கதைதான்.

"யோவ், நாளிக்கும் தூக்குனின்னா ஊட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். இழுக்கறதுல இன்னாய்யா பேஜாரு உனக்கு?" என்றார் பயிற்சி அதிகாரி ராஜவேலு.

"செத்த மாட்ட கயிறு கட்டி இழுத்துக்கினு போறதுதான் சார் எங்க நைனாவுக்கு ஊரு குடுத்த வேலை. பாத்துக்கினே வளந்தேன். மனுசன அப்டி இழுக்க கை வர்ல சார்."

[இங்கே ராஜவேலு ஒரு பிரசங்கம் செய்வதாக ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.]

ராஜவேலு தொப்பியைக் கழற்றி வைத்தார். "நான் உள்ள போய்ப் படுத்துக்கறேன். நீ இழுத்தா வருவேன். இல்லன்னா அங்கியே கெடப்பேன்."

யேசுதாஸ் இழுத்தார். அதிகாரியின் காக்கிச் சட்டை முதுகில் கிழிந்தது, முழங்கை சிராய்த்தது. வெளியே வந்து இருமி முடித்ததும் ராஜவேலு கேட்டார்: "நான் மாடா ஆயிட்டனாய்யா?"

(யேசுதாஸ் அழுதாரா என்று ராஜவேலுவிடமே கேட்டேன். "பொகைம்மா. எல்லாருக்குந்தான் கண்ணுல தண்ணி" என்றார்.)

4

பதினோரு வாரம் கழித்து அதே கைகள் என்னைப் பதினேழு படிகளில் இழுத்து வந்தன. (பதினேழு என்பது பிறகு நான் போய் எண்ணியது.) புடவை கிழிந்தது, முதுகு உரிந்தது, தெருவே பார்த்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரம்மா கனகாம்பாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பொம்பளய இப்டியா இழுத்துக்கினு வருவான்? இன்னா மனுசன் அவன்!" என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அவர் வாசலில் வந்து நின்றார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. தூக்கியிருந்தா ரெண்டு பேருமே வந்திருக்க மாட்டோம்."

நான் சுவரைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

போன மாதம் ரயிலில், வேப்பம்பட்டில் ஏறி எதிரே உட்கார்ந்த ஒரு பெரியவரிடம் அந்தத் தீயைப் பற்றிப் பேச்சு வந்தது. ஓய்வுபெற்ற ராஜவேலுதான் அவர். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, பெட்டி முழுக்கப் பார்க்க அழுதேன். தன் அப்பாவின் அவமானத்தைத் தாண்டி வந்துதான் ஒரு மனிதர் என்னைத் தொட்டு இழுத்திருக்கிறார். நான் உயிரோடிருப்பது அதனால்தான்.

5

முடிவு ஒன்று: அவரைக் கண்டுபிடித்துக் காலில் விழுகிறேன். (பதறிப்போவார். வேண்டாம்.)

முடிவு இரண்டு: நான் தேடிப் போவதற்குள் அவர்... இல்லை, அதை எழுத மாட்டேன்.

மாற்றலாகித் தெற்கே போயிருக்கிறாராம். எந்த ஊர் என்று ராஜவேலுவுக்கும் தெரியவில்லை. ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் யேசுதாஸ் என்று ஒருவர் இருந்தால் சொல்லுங்கள்: மெத்தைக் கடை மாடி டீச்சர் நன்றாக இருக்கிறாள், உங்களைத் தினம் நினைக்கிறாள், அன்று நீங்கள் இழுத்தது அவளுக்கு வலிக்கவே இல்லையாம்.

(வலித்தது. அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.)