சாக்பீஸ் வீடு

வெள்ளம் போன மாதமே வடிந்துவிட்டது. கொத்தனார்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை. தன் கையால் கட்டிய வீடு அடியோடு சரிந்ததைக் கண்ணால் பார்த்த மனிதர். அன்றைக்குப் பள்ளிக்கூட வகுப்பறையில், நிவாரணத்துக்குக் கொடுத்த பாயில், சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். வேலைக்குக் கூப்பிட ஆள் வந்தபோதும், "இனிமே செங்கல்லைத் தொட மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூச்சு விடுகிறார், அவ்வளவுதான். அதுவும் நின்றுவிடவில்லையே என்று அவர் மனைவி ராத்திரியில் எழுந்து எழுந்து பார்த்தாள். வீடு போனால் போய்த் தொலையட்டும், இந்த ஆளும் போய்விட்டால்?

அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. ஒரு காலையில், கரும்பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். சிமெண்டுத் தரையில், நிஜ அளவிலேயே ஒரு வீட்டை வரைய ஆரம்பித்தாள். அவரை எழுப்பத்தான் வரைந்தாள் என்று சொன்னால் பொய். அத்தனை பாய்களுக்கு நடுவில் அவளுக்கே மூச்சு முட்டியது. கோடுதான் என்றாலும் தனக்கென்று ஒரு கூடம் வேண்டியிருந்தது.

வேடிக்கை பார்க்க வந்த நாத்தனார் இடுப்பில் கை வைத்தாள்.

"அண்ணி, அடுப்படியை ஏன் மேற்குல வச்சீங்க? சாயங்கால வெயில்ல வேகப்போறது நான்தானே?"

"நீ என்னைக்குடி அடுப்புக்கிட்ட போன, வேகறதுக்கு?"

இல்லாத அடுப்படிக்காக இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கூத்துதான், போங்கள்!

பக்கத்துப் பாயில் படுக்கும் தையல்காரர், "அரண்மனைக்கு எப்பம்மா குடி போறீங்க?" என்று நக்கலடிக்க வந்தார். கொஞ்ச நேரம் நின்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்படியே ஓரமா எனக்கும் ஒரு கடை போட்டுக் குடேன். மெஷின்மேல வெளிச்சம் விழணும்" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்குச் சாக்பீஸோடு இறங்கிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் முற்றத்தில் ஒரு தெருவே முளைத்தது. இழவு வீடு மாதிரிக் கிடந்த இடத்தில், உன் சாக்கடை என் வாசலில் ஏன் வருகிறது என்று சண்டை. கேட்கவே தெம்பாக இருந்தது.

மறுநாள் காலை சளக்கென்று சத்தம் கேட்டுக் கொத்தனார் மனைவி ஓடிவந்தாள். கொத்தனார் முற்றத்தில் நின்றார். கையில் வாளி. அவள் வரைந்த வீட்டின்மேல் தண்ணீரை ஊற்றிக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி மனுஷா! இருந்ததைத்தான் வெள்ளம் கொண்டுபோச்சு, இதை நீங்க கொண்டுபோறீங்களா? எனக்கு இது ஒண்ணுதானே மிச்சம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"கத்தாதடி. ஒரு மூலையாவது நேரா இருக்கா? கொத்தனார் பொண்டாட்டி போட்ட வீடா இது? பார்க்கிறவன் என்னைத்தான் காறித் துப்புவான். எங்க அந்தச் சாக்பீஸ்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே நீட்டினாள். நூல் கொண்டுவரத் தையல்காரர் ஓடினார். கொத்தனார் கோணிச் சாக்கால் தண்ணீரைத் துடைத்துத் தள்ளிவிட்டு, நூல் பிடித்து, மண்டியிட்டு, கோடு போட்டார். முதல் கோட்டை இரண்டு தடவை அழித்துப் போட்டார்; அப்புறம் கை தானாக ஓடியது. அடுப்படி கிழக்கே வந்தது. நாத்தனார் அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

கூடத்தை ஒட்டி வரிசையாகக் குறுக்குக் கோடுகள் போட ஆரம்பித்தார்.

"இது என்னங்க?"

"மாடிப்படி."

"மாடியா? கீழ் வீட்டுக்கே வழியக் காணோம்!"

"மறுபடி தண்ணி வந்தா இத்தனை சனமும் எங்கடி போகும்? நம்ம மாடிக்குத்தான் வரணும். அகலமா வைக்கிறேன்."

முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் படியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். தையல்காரர்தான் முந்திக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை உருவிப் படிக்கு அப்பால் வீசி, "ஜன்னலோரம் எனக்கு!" என்று கத்தினார்.

"ஜன்னலே இன்னும் வைக்கலய்யா, பொறு!" என்று கொத்தனார் அதட்டினார்.

அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, கண்ணீரைக்கூடத் துடைக்காமல், வாய்விட்டுச் சிரித்தாள்.