மார்க் போட ஆளில்லை

மருந்துக் கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது. உள்ளே உட்கார்ந்து இருப்பு பார்க்கும் வேலை ஒன்று காலியானபோது மேலாளர் சொன்னார்: "அதுக்கு ஆன்லைன்ல இலவசமாவே படிப்பு இருக்கும்மா. மாசக் கடைசிக்குள்ள சர்டிபிகேட்டோட வா, சீட்டு உனக்குத்தான்."

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நானும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் குளியலறை வாசலில்தான் சிக்னல் எடுக்கும். அங்கேயே முக்காலி போட்டு உட்கார்ந்து எல்லாப் பாடத்தையும் முடித்து, கடைசிப் பயிற்சியையும் எழுதி அனுப்பினேன். அப்புறம்தான் பல் தெரிந்தது. அதைத் திருத்த வாத்தியார் கிடையாது. கூடப் படிக்கிறவர்களில் இரண்டு பேர் மார்க் போட வேண்டும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் சேர்ந்தவர்களோ பாதியிலேயே கழன்றுகொண்டிருந்தார்கள். கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி கிடந்தது அந்தப் பக்கம்.

"யாராவது இருக்கிறீர்களா?" என்று தினமும் எழுதிப் போட்டேன். ஒரு நாள், எங்கேயோ ஒரு நாட்டிலிருந்து, மொழிபெயர்ப்புக் கருவியின் தயவில் ஒருத்தி பதில் போட்டாள். "நான் இருக்கிறேன். எனக்கும் இன்னும் ஒருவர் மார்க் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் உனக்குப் போடுகிறேன், நீ எனக்குப் போடு."

போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். எனக்காக எதையும் செய்வார். யோசிப்பதை மட்டும் செய்யமாட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே வந்து நின்றார்.

"நானும் அதுல சேந்து உனக்கு மார்க் போட்டுட்டேன். நூத்துக்கு நூறு!"

"பயிற்சி எழுதி அனுப்புனவங்கதானே மார்க் போட முடியும்?"

"அனுப்புனேனே. உன்னோடதையே அப்படியே எடுத்து அனுப்பிட்டேன். நல்லாத்தானே எழுதியிருந்தே?"

ஈரக் கையோடு போனைப் பிடுங்கிப் பார்த்தேன். காப்பியடித்ததாகச் சொல்லி இரண்டு பேர் கணக்கையும் முடக்கியிருந்தார்கள். எழுதியவள் யார், எடுத்தவர் யார் என்று இயந்திரத்துக்கு என்ன கவலை? முறையிட ஒரு பெட்டி இருந்தது. நடந்ததையெல்லாம் எழுதினேன். அனுப்பிய கையோடு பதில் வந்தது: முடிவு இறுதியானது. எதிரே ஒரு மனுஷ முகம் இருந்திருந்தால் அழுதாவது பார்த்திருப்பேன். முதலிலிருந்து படிக்கவும் நாள் இல்லை. மாசக் கடைசி மறுநாள்.

"ஏம்மா, மார்க் ஏறலையா?" என்றார் அவர். நான் மிச்சத் துணியை அலசப் போனேன்.

சாயங்காலம் போன் சிணுங்கியது. அவள்தான்.

"காலையிலேயே உனக்கு முழு மார்க் போட்டுவிட்டேன். என்னுடையது நாளைக்குள் வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும்."

முடக்கிய கணக்கில் வருவதைப் படிக்க மட்டும்தான் முடிந்தது; மார்க் போட முடியாது. பதில் எழுதும் கட்டத்தைத் தட்டினேன். திறக்கவில்லை. அழுத்தி, திரும்பத் திரும்பத் தட்டினேன்.

சற்று நேரத்தில் மறுபடியும் வந்தது: "இருக்கிறாயா?"